சிவப்பு மையும் ஓர் அஞ்சலட்டையும்



சென்ற வாரம் பள்ளி முடிந்து வீடு திரும்பினேன். வாயிலில் உள்ள அஞ்சல் பெட்டியில் வழக்கம்போல் மின்கட்டணப் பட்டியலும் தண்ணீர்க் கட்டணப் பட்டியலும் பேரங்காடியின் விளம்பரத் தாளும் கிடந்தன. அவற்றுக்கு நடுவே மணிலா அட்டையில் வெட்டிய ஒரு துண்டு. அதன் ஒரு பக்கத்தில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தோய்த்துப் பதித்த பூக்கள். மறுபக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலும் நிற்காமல் மேலும் கீழும் ஏறி இறங்கிய எழுத்துகள்:

"ஐயா, எங்க வீட்டுக் கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. ஏழு. ஒன்னு மட்டும் கறுப்பு."

இதை எழுதிய மாணவன் நாள்தோறும் என் வகுப்பில் முன்வரிசையில் அமர்கின்றவன். இந்தச் செய்தியை அவன் வகுப்பிலேயே வாய்மொழியாகச் சொல்லியிருக்கலாம். ஆயினும் அட்டை வெட்டி, பூ அச்சிட்டு, அஞ்சல்தலை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு, அது என் கைக்குக் கிடைக்கும்வரை மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்! மறுநாள் காலையில், "அந்தக் கறுப்புக் குஞ்சு எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்டபோது அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை எந்தத் தேர்வுப் புள்ளியும் தந்ததாக எனக்கு நினைவில்லை.

கையால் அட்டை செய்து அஞ்சலில் அனுப்புவது பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இதில் நான் கண்ட மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும்.

முதல் பட அட்டையே கைவண்ணம்தான்

அரசு வெளியிட்ட அஞ்சலட்டை முதன்முதலாக ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் 1869 அக்டோபர் 1-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. உறையும் வேண்டாம், நீண்ட முன்னுரையும் வேண்டாம், சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்பதே அதன் நோக்கம். பத்து ஆண்டு கழித்து, 1879-இல், இந்தியாவிலும் அது புழக்கத்துக்கு வந்தது. அக்டோபர் 1-ஆம் நாளை உலக அஞ்சலட்டை நாளாக ஆர்வலர்கள் கொண்டாடி வருகின்றனர்.

ஆனால், அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தம் கையால் படம் வரைந்து ஓர் அட்டையை அஞ்சலில் சேர்த்துவிட்டார். அவர் தியோடர் ஹூக் என்னும் ஆங்கில எழுத்தாளர். உலகின் முதல் அஞ்சல்தலையான ஒரு பென்னிக் கறுப்புத்தலை வெளிவந்த அதே 1840-இல், பெரியதொரு மைக்கூட்டைச் சுற்றி அஞ்சலக எழுத்தர்கள் பென்னம்பெரிய பேனாக்களோடு அமர்ந்திருப்பதுபோல் கேலிச்சித்திரம் வரைந்து, இலண்டனில் இருந்த தம் முகவரிக்குத் தாமே அனுப்பிக்கொண்டார். அஞ்சலகத்தாரைச் சீண்டிப் பார்க்கவே இப்படிச் செய்தார் என்பர். அந்த அட்டை 2002-இல் 31,750 பவுனுக்கு ஏலம் போனது. இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய பட அஞ்சலட்டை அதுவே. ஆக, கடையில் விற்கும் அச்சடித்த அட்டைகள் எல்லாம் பிற்பாடு வந்தவை. கைவண்ண அட்டையே மூத்தது. என் மாணவர்களிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கு ஒரே பெருமை.

இருபதாம் நூற்றாண்டில் இது ஒரு கலை இயக்கமாகவே வளர்ந்தது. அஞ்சற்கலை என்று இதனைச் சொல்லலாம். அமெரிக்கக் கலைஞர் ரே ஜான்சன் (1927–1995) தம் ஓவியங்களையும் ஒட்டுப்படங்களையும் காட்சிக்கூடத்தில் தொங்கவிட்டு விற்பதைவிட நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்புவதையே பெரிதும் விரும்பினார். பாதி வரைந்த தாளை அனுப்பி, "இதில் உங்கள் பங்கைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்பது அவர் வழக்கம். 1970-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில், தம் அஞ்சல் நண்பர்கள் அனுப்பியவற்றைக் காட்சிக்கு வைத்தார். பின்னர் உலகெங்கும் நடந்த அஞ்சற்கலைக் காட்சிகளில் சில வழக்கங்கள் நிலைபெற்றன: நுழைவுக் கட்டணம் இல்லை; நடுவர் இல்லை; வந்தவை அனைத்தும் காட்சிக்கு வைக்கப்படும்; பரிசு கிடையாது.

ஆசிரியர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். நம் பள்ளிகளில் வரைதல் போட்டி என்றால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, மூன்று ஆறுதல் பரிசு. எஞ்சிய முப்பது ஓவியங்களும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். நடுவர் இல்லாத ஓவியக் காட்சியை நம் பிள்ளைகள் எப்போதாவது பார்த்திருக்கிறார்களா?

சப்பானில் இதற்கு 'எதெகாமி' என்று பெயர். 'எ' என்றால் படம். 'தெகாமி' என்றால் மடல். 1960-களில் தொடங்கி இதனை மக்களிடையே பரப்பியவர் கொயிக்கெ குனியோ. தூரிகையின் நுனிக்காம்பை மெல்லப் பிடித்து, முன்னே இருக்கும் கத்தரிக்காயையோ பூவையோ பார்த்தபடி, முன்வரைவு ஏதுமின்றி மெதுவாகக் கோடு இழுக்க வேண்டும். அருகில் இரண்டொரு சொல் எழுத வேண்டும். உடனே அஞ்சலில் சேர்த்துவிட வேண்டும். அப்படிப் பிடித்தால் கை நடுங்கும், கோடு கோணும். கோணட்டும் என்பதுதான் அவர்கள் கொள்கை. திறமையில்லாமல் இருந்தாலும் நன்று, திறமையில்லாமல் இருப்பதே நன்று என்பது எதெகாமிக்காரர்களின் முழக்கம். இந்த முழக்கத்தைப் படித்து நான் முன்பு சிரித்திருக்கிறேன். அதன் பொருள் விளங்க எனக்கு ஓர் அட்டை தேவைப்பட்டது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் மரபில் இதற்கு உறவான ஒன்றுண்டு. தேர் வடிவிலும் பாம்பு வடிவிலும் எழுத்துகளை அடைத்துப் பாடும் சித்திரகவியை நம் புலவர்கள் ஒரு கலையாகவே வளர்த்தனர். எழுத்தும் படமும் ஒன்றாகும் அட்டையை நம் பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்த அதுவே நல்ல வாயில். தென்னை மரத்தின் கோட்டுருவம் வரைந்து, அதன் மட்டைகளில் ஒவ்வொரு சொல்லாக எழுதச் சொல்வேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கூட மகிழ்ச்சியாகச் செய்வர்.

வகுப்பில் நாங்கள் செய்யும் முறை

சில நண்பர்கள் செய்முறை கேட்டிருந்தனர். அவர்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. அளவு: ஏ4 தாளை நான்காக மடித்தால் வரும் அளவு போதும். அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் அளவுப்படி அஞ்சலட்டை 9 x 14 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 12 x 23.5 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். நான்காக மடித்த ஏ4 இதற்குள் பொருந்தும்.

2. அட்டை: வரைதாள் மட்டும் போதாது; வழியில் மடங்கிக் கிழியும். மணிலா அட்டையை இரண்டாக ஒட்டிக்கொள்ளலாம். பிஸ்கட் பெட்டியின் அட்டை இன்னும் நன்று. அதன் உட்பக்கத்தில் எழுதலாம், வெளிப்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி வரையலாம். விளிம்பு வரை பசை தடவ வேண்டும்.

3. வண்ணம்: நீர்வண்ணம், வண்ணப் பென்சில், காய்கறி அச்சு ஆகியவை ஏற்றவை. வெண்டைக்காய் பூவாகும், வாழைத்தண்டு வட்டவட்டமாகக் கண்ணிகள் தரும், பாகற்காயைக் குறுக்கே வெட்டினால் பற்சக்கரம் கிடைக்கும். மெழுகு வண்ணம் பிறர் கடிதத்திலும் ஒட்டிக்கொள்ளும். மினுமினுப்புத் தூள், பொத்தான், சிப்பி ஆகியன வேண்டாம். பிரிப்பு இயந்திரத்தில் சிக்கும். அவை வேண்டுமென்றால் உறையில் இட்டு அனுப்புக.

4. பின்பக்கம்: நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி, வலது மேல்மூலையில் அஞ்சல்தலை. முதலில் வந்த அட்டைகளில் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. 1902-இல் பிரிட்டன் இப்படிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள இசைவளித்த பிறகுதான் மறுபக்கம் முழுவதும் படத்துக்குக் கிடைத்தது. முகவரியை மைப்பேனாவால் எழுத வேண்டும். பென்சில் எழுத்து அழியும்.

5. கட்டணம்: அஞ்சலக முகப்பில் பிள்ளைகளே கேட்டு அறியட்டும். அதுவும் ஒரு பாடம்.

6. பாதுகாப்பு: அஞ்சலட்டை திறந்த மடல். அஞ்சற்காரர் முதல் அண்டை வீட்டார் வரை எவரும் படிக்கலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். அறியாதவருக்கு எழுதும்போது வீட்டு முகவரி வேண்டாம். பள்ளி முகவரி போதும்.

இவற்றுள் எனக்கு வியப்பளித்தது முகவரிதான். முதன்முறை இதைச் செய்தபோது, நான்காம் ஆண்டு மாணவர்கள் 14 பேரில் தம் வீட்டு முகவரியை முழுமையாக எழுதத் தெரிந்தவர்கள் மூவர் மட்டுமே! ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டை அறிந்தவர் ஒருவர். புலனக் குழுவில் பெற்றோரின் எண் இருக்கிறது. இருப்பிடம் காட்ட வரைபடச் செயலி இருக்கிறது. முகவரி என்ற ஒன்று எதற்கு என்று அவர்களுக்கு இதுவரை தேவைப்பட்டதே இல்லை. அன்று வீட்டுப்பாடமாக, "உங்கள் முகவரியைப் பெற்றோரிடம் கேட்டு எழுதி வருக" என்றேன். மறுநாள் வந்தவற்றுள் இரண்டு முகவரிகளில் பெற்றோருக்கே அஞ்சல் குறியீடு தெரிந்திருக்கவில்லை.

நாம் சிறுவராக இருந்தபோது இப்படியா? தோட்டத்தில் எல்லார்க்கும் ஒரே முகவரி: தோட்ட அலுவலகம். கிராணியார் மேசையில் கடிதங்கள் குவிந்திருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வரும் நீலநிற வான்மடலுக்காக என் தாத்தா பால் நிறுத்து முடிந்ததும் அலுவலக வாசலில் போய் நிற்பார். வானொலிக்குப் பாடல் கேட்டு எழுதாத வீடு எங்கள் வரிசையில் கிடையாது. இன்று மின்னல் பண்பலை என்று வழங்கும் அன்றைய வானொலி 6-இல் தம் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஒலிக்கக் கேட்பதற்காக எத்தனை அஞ்சலட்டைகள் எழுதியிருப்போம்! அப்போது யார் நம் அட்டையில் பிழை பார்த்தார்கள்?

நான் செய்த பிழை

இனி, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன்.

2014-ஆம் ஆண்டு. அப்போது பேராக் மாநிலத்தில் ஒரு சிறிய தோட்டப்புறப் பள்ளியில் பணியாற்றினேன். நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி. அதிகம் பேசமாட்டாள். அவளை வளர்த்தவர் பாட்டி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பாட்டி கிள்ளானில் உள்ள அவளுடைய சித்தப்பா வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அடுக்குமாடி வீடு. பாட்டிக்குக் கால்வலி, அடிக்கடி வர இயலாது.

வகுப்பில் முதன்முறையாக அட்டை செய்தோம். நான் ஏதும் திருத்தவில்லை. திருத்தக்கூடாது என்ற ஞானத்தால் அன்று. அன்று எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான். அஞ்சலகம் மூடுவதற்குள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். அவள் வரைந்தது வீட்டு முன்னால் நின்ற ரம்புத்தான் மரம். கிளையில் ஓர் அணில். எழுதியது இது:

"பாட்டி நம்ம ரம்புத்தான் காச்சிருச்சி. அனில் எல்லாத்தயும் திங்குது. நீங்க சீக்கரம் வாங்க."

தீபாவளிக்கு முன் மீண்டும் அட்டை செய்தோம். இம்முறை எனக்கு நேரம் இருந்தது. தமிழாசிரியர் என்ற பொறுப்பும் நினைவுக்கு வந்தது. பிழையோடு ஒரு மடல் என் பள்ளியிலிருந்து வெளியே போகலாமா? எல்லாரையும் முதலில் தாளில் எழுதச் சொன்னேன். சிவப்பு மையால் திருத்தினேன். உறவுக் கடிதம் எழுதும் முறைப்படி, "அன்புள்ள பாட்டிக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கச் செய்தேன். 'காச்சிருச்சி' என்பது 'காய்த்துவிட்டது' ஆயிற்று. 'வாங்க' என்பது 'வருகை புரியுங்கள்' ஆயிற்று. திருத்திய படியைப் பார்த்து அட்டையில் அழகாக எழுதினார்கள். ஒற்றுப்பிழைகூட இல்லை. எனக்கு மிகுந்த மனநிறைவு.

மூன்றாம் முறை அட்டைகளைக் கொடுத்தபோது அவள் எதுவும் எழுதாமல் அமர்ந்திருந்தாள். அருகில் சென்று ஏன் என்று கேட்டேன்.

"ஐயா, நீங்களே எழுதிக் கொடுங்க ஐயா. நான் பார்த்து எழுதுறேன்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்டேன்.

ஆண்டிறுதியில் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குப் பாட்டி வந்திருந்தார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். என்னைக் கண்டதும் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்தார். அடையாள அட்டையோடு, இரண்டாக மடித்து வைத்திருந்த ஓர் அட்டையை எடுத்தார். மடிப்பில் வண்ணம் உதிர்ந்து வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. ரம்புத்தான் மரம்.

"தீபாவளிக்கு வந்த அட்டை கிடைத்ததா அம்மா?" என்று கேட்டேன். அதைப் பற்றி ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"வந்துச்சு வாத்தியாரே. அது வீட்ல இருக்கு. எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கு. நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "ஆனா அதுல புள்ளையக் காணோமே வாத்தியாரே. இதுல புள்ள பேசுது," என்று கையிலிருந்த அட்டையைக் காட்டினார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆசிரியரைக் குறை சொல்லும் வழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை. கண்டதைச் சொன்னார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

யாருக்காக எழுதுகிறோம்?

நாம் ஆண்டு முழுவதும் உறவுக் கடிதம் கற்பிக்கிறோம். முகவரி, நாள், விளி, நலவிசாரிப்பு, செய்தி, முடிப்பு என்று அமைப்பைத் தெளிவாகக் கற்பிக்கிறோம். ஆனால், அந்தக் கடிதங்களில் ஒன்றேனும் எந்தப் பாட்டிக்கும் போய்ச் சேர்ந்ததுண்டா? பாட்டியை விளித்து எழுதினாலும் படிப்பவர் ஆசிரியர், புள்ளியிடுபவர் தேர்வாளர். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பின்னரும் நம் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. பிள்ளைகள் இதை நன்கு அறிவர். அதனால்தான் வகுப்பில் எழுதப்படும் பாட்டிகள் அனைவரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். அவர்களுக்குக் கால்வலி கிடையாது. அவர்கள் வீட்டு முன்னால் ரம்புத்தான் மரமும் கிடையாது.

நாம் அனைவரும் வகுப்பில் கற்பிக்கும் சத்திமுத்தப் புலவர் கதையை எண்ணிப் பாருங்கள். வறுமையால் ஊரைவிட்டு மதுரைக்கு வந்து, குளிரில் நடுங்கிக் கிடந்த அவர், பறந்து சென்ற நாரையிடம் தம் மனைவிக்குச் சொல்லியனுப்பியது என்ன? தாம் எந்த நிலையில் கிடக்கிறார் என்பதை மட்டும்தான். அந்த நாரை சுமந்த செய்தி இன்றுவரை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறதென்றால், அதில் அந்த மனிதர் இருக்கிறார் என்பதே காரணம்.

"அப்படியானால் பிழைகளை விட்டுவிடலாமா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. தமிழ் பிழையின்றி எழுதப்பட வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் இரண்டாவது கருத்து இல்லை. ஒற்றுப்பிழையைக் கண்டால் என் கை இப்போதும் துடிக்கும். ஆனால் திருத்துவதற்கு ஓர் இடமும் வேளையும் உண்டு. இப்போது நான் செய்வது இதுதான்: அட்டைகளை அப்படியே அனுப்பிவிடுகிறேன். அனுப்புமுன் ஒருமுறை படித்து, பொதுவாகக் காணும் பிழைகளை என் குறிப்பேட்டில் பெயரின்றி எழுதிக்கொள்கிறேன். அடுத்த வாரத்து இலக்கணப் பாடம் அதிலிருந்து பிறக்கிறது. ணகர னகர வேறுபாடு என்றால் அணில், அணை, அன்னம், அன்னை என்று சொற்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் பயிற்சி கொடுப்பேன். எந்த அட்டையையும் எடுத்துக்காட்ட மாட்டேன். தானே உணர்ந்த பிள்ளை அடுத்த அட்டையில் திருத்திக்கொள்ளும். பிள்ளையே வந்து, "ஐயா, இது சின்ன 'ர'வா பெரிய 'ற'வா?" என்று கேட்டால் மகிழ்ந்து சொல்லிக் கொடுப்பேன். அப்போது அந்தத் திருத்தம் பிள்ளைக்கு உரியது.

பூனையா, அணிலா?

2015 தொடக்கத்தில், பள்ளி திறந்த முதல் வாரமே, அந்த மாணவிக்கு நான் ஓர் அட்டை செய்தேன். எனக்கு வரைய வராது. மாணவர்கள் அறிந்த உண்மை இது. எதெகாமிக்காரர்கள் சொல்வதுபோல் தூரிகையைக் காம்பில் பிடித்து ஓர் அணிலை வரைந்தேன். கோடு கோணியது, கால் ஒன்று நீண்டது. அருகில், "இந்த ஆண்டும் அணில் வருகிறதா?" என்று மட்டும் எழுதி அவள் வீட்டுக்கு அனுப்பினேன். ஆசிரியராகி இத்தனை ஆண்டில், பிறர் பார்க்கக் கூசும் ஒன்றை ஒரு மாணவியிடம் நான் ஒப்படைத்தது அதுவே முதல் முறை. பெட்டியில் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் நம் பிள்ளைகள் நம்மிடம் கட்டுரைப் புத்தகத்தை நீட்டும்போது இப்படித்தான் இருக்குமோ?

வகுப்பில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் சென்றது. பள்ளி முகவரிக்கு எனக்கோர் அட்டை வந்தது. ஒரு பக்கத்தில், வாலைத் தூக்கிக்கொண்டு கொட்டை கொறிக்கும் அருமையான அணில். மறுபக்கத்தில்:

"ஐயா நீங்க வரஞ்சது பூன மாரி இருக்கு. அனிலுக்கு வால் பெருசு. இப்படி வரையனும்."

நான் அவளுக்குத் திருத்தியதைவிட மிக அன்பாக அவள் எனக்குத் திருத்தியிருந்தாள். 'அனில்' இன்னும் 'அனில்'தான். என் சிவப்புப் பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. அன்று அதைத் தொடவில்லை. அந்த அட்டை இன்றும் என் மேசைக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது.

பின்னர் நான் வேறு பள்ளிக்கு மாற்றலானேன். அவள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றாள். தொடர்பு விட்டுப்போயிற்று. அவள் பெரிய எழுத்தாளராக வந்தாள் என்று சொல்லி முடிக்க என்னிடம் செய்தி ஏதுமில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவள் மாதம் ஓர் அட்டை பாட்டிக்கு எழுதினாள். அது போதும் எனக்கு.

பெற்றோருக்குச் சில சொற்கள்

டென்மார்க்கில் 400 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த அரசு அஞ்சல் சேவை, கடிதங்களைக் கொண்டு சேர்ப்பதை 2025 இறுதியில் நிறுத்திக்கொண்டது. அங்கே கடிதங்களை இப்போது ஒரு தனியார் நிறுவனம் கொண்டு சேர்க்கிறது. நம் ஊரில் அஞ்சற்காரரின் மோட்டார் வண்டி இன்னும் வீட்டு வாசலுக்கு வருகிறது. வரும்வரை அதைப் பயன்படுத்திக்கொள்வோமே!

பிள்ளை அட்டை செய்ய அமரும்போது வண்ணம் வாங்கிக் கொடுங்கள். கத்தரிக்கோலை நீங்கள் பிடியுங்கள். ஆனால், நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். இணையத்தில் அழகான படம் தேடி அச்சிட்டு ஒட்டாதீர்கள். "ஒழுங்காக எழுது, பாட்டி என்ன நினைப்பார்" என்று சொல்லாதீர்கள். பாட்டி என்ன நினைப்பார் என்பதை நான் கேட்டு அறிந்துவிட்டேன்.

மற்றொன்று. பிள்ளைக்கு அட்டை வந்தால் மறுமொழி எழுதச் செய்யுங்கள். நீங்களும் ஒன்று எழுதுங்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் எழுதலாம். வெளியூரில் வேலை செய்யும் தந்தையர் வாரம் ஓர் அட்டை அனுப்பினால், அந்தப் பிள்ளை தமிழ் படிக்க வேறு தூண்டுதல் தேவையில்லை. முகவரியை உரோமன் எழுத்தில் எழுதினாலும் செய்தியைத் தமிழில் எழுதுங்கள். மலாய்க்காரரும் சீனருமாக எத்தனையோ கைகள் மாறி வரும் அந்த அட்டையில் நம் எழுத்து எல்லாரும் காணத் திறந்தபடி பயணம் செய்யட்டும்.

கறுப்புக் கோழிக்குஞ்சு பற்றி எழுதிய மாணவனுக்கு இன்றிரவு மறுமொழி எழுத வேண்டும். ஏழு குஞ்சுகளை வரைய வேண்டும். ஏழும் வாத்துபோல் வரும் என்று இப்போதே தெரிகிறது. வரட்டும். அவன் திருத்தி அனுப்புவான்.